மாற்றுத் தொடர்பு எண்

ஜனவரி 6, செவ்வாய்

பிசியோதெரபிஸ்ட் உத்தரவு: தினமும் கையால் பத்து வரி எழுத வேண்டும். எதை வேண்டுமானாலும் எழுதலாமாம். ஆகவே இது டைரி அல்ல, விரல் பயிற்சி.

பெயர் தவசீலன். வயது இருபத்தெட்டு. ஓசூரில் ஒரு வாகன உதிரிபாகக் கம்பெனியில் கன்ட்ரோல் இன்ஜினியர். போன செப்டம்பர் 24ஆம் தேதி ஷிஃப்ட் நடுவில் கால் மடங்கி விழுந்தேன். கில்லன்-பாரே என்றார்கள். உடம்பின் எதிர்ப்பு சக்தியே நரம்பைத் தின்கிற நோய். என் பாஷையில் சொன்னால், ஒயரில் இன்சுலேஷன் போய்விட்டது. பத்தொன்பது நாள் ஐ.சி.யூ., பிறகு பன்னிரண்டு நாள் வார்டு. பி.இ. மெக்கட்ரானிக்ஸ், முதல் வகுப்பு. ஒப்புதல் படிவத்தில் கைநாட்டு.

நேற்று மறுபடி வேலையில் சேர்ந்துவிட்டேன். கன்ட்ரோல் பேனல் பக்கம் விடவில்லை. ஸ்க்ரூ டிரைவர் பிடிக்கும் வரை டாக்குமென்டேஷன்.

பத்து வரி தாண்டிவிட்டது.

ஜனவரி 9, வெள்ளி

சட்டைப் பட்டன் ஏழு. நான்கு நிமிடம் பத்து வினாடி.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். பிளான்ட் மூன்று நாள் லீவு. மெஸ் பூட்டு. கீழ்வீட்டுக்காரர்கள் ஊருக்குப் போய்விட்டார்கள். ரொட்டியும் ஜாமும் இருக்கிறது, சமாளிக்கலாம். எல்லாரும் போனபிறகு இந்தத் தெரு இவ்வளவு நீளமா என்று தோன்றியது.

நேரம் கிடைத்ததால் கார்டு பிரச்சினையை எடுத்தேன். ஆஸ்பத்திரி பில் ஏழு லட்சத்துப் பத்தாயிரம். கம்பெனி இன்சூரன்ஸ் மூன்று லட்சத்தோடு நின்றுவிட்டது. சேமிப்பு எழுபதாயிரம் போயிற்று. மீதியைக் கார்டில் தேய்த்தேன். தேய்த்தேன் என்பது சரியல்ல. கை வரவில்லை. நாக்குக் குழறிக்கொண்டே பின் நம்பரை நர்ஸிடம் சொன்னேன், அவர் அழுத்தினார். வீட்டுக்கு வந்தபின் மாத்திரை, பிசியோ, உதவியாள் எல்லாம் அதே கார்டு. இன்றைக்கு நிலுவை 3,86,400.

மாதம் மூன்றரை சதவீத வட்டி, வட்டிக்கு ஜிஎஸ்டி. இரண்டும் சேர்ந்து மாதம் 15,958. குறைந்தபட்சத் தொகையான மினிமம் ட்யூ கட்டினால் 19,320. அதாவது கட்டுவதில் அசலுக்குப் போவது 3,362 மட்டும். மினிமம் ட்யூ என்பது கடனை அடைக்கும் வழி அல்ல, கடனை உயிரோடு வைத்திருக்கும் வழி. நவம்பரில் நானும் அப்படித்தான் கட்டினேன். எப்படிக் கட்டினேன் என்பது இங்கே தேவையில்லை.

என் சம்பளம் 41,000. இந்த மாதம் கட்டவில்லை. கட்டவும் போவதில்லை. வேறு வழி கண்டுபிடிக்கும் வரை ஓட்டைப் பாத்திரத்தில் தண்ணீர் ஊற்ற முடியாது.

வாட்ஸ்அப்பில் அக்காவின் காலை வணக்கப் படங்கள் நின்று மூன்று மாதமாகிறது. ரோஜா, தாமரை, 'இனிய நாள்'. டேட்டா மிச்சம்.

ஜனவரி 20, செவ்வாய்

காலை 11:10. வங்கிக்காக வசூல் பார்க்கும் ஆபீஸிலிருந்து ஒரு பெண். பெயர் சுகிர்தாவாம்.

"தவசீலன் சாருங்களா? கார்டு பாக்கி விஷயமா பேசறேன் சார். இந்தக் கால் ரெக்கார்ட் ஆகுது."

"தாமதக் கட்டணத்துக்கும் ஜிஎஸ்டி போட்டிருக்கீங்களே, அத தனியா காட்டாம ஏன் சேர்த்துக் காட்டியிருக்கு?"

"சார், நான் எப்ப கட்டுவீங்கன்னு கேட்டா எல்லாரும் திட்டுவாங்க. ஜிஎஸ்டி பத்திக் கேட்ட மொத ஆள் நீங்கதான்."

"இப்ப கட்ட முடியாது. உடம்பு சரியில்லாம இருந்தேன்."

"ஒரு தேதி சொல்லுங்க சார். நான் கம்ப்யூட்டர்ல எதையாவது அடிக்கணும்."

"பொய் தேதி சொல்லவா?"

"பொய்னு எனக்குத் தெரியாம சொல்லுங்க, போதும்."

பிப்ரவரி 10 என்றேன். பொய் என்று அவருக்குத் தெரியும்.

ஜனவரி 25, ஞாயிறு

பைக்கை விற்றுவிட்டேன். 38,000. கிளட்ச் பிடிக்கும் கை இன்னும் வரவில்லை, நிறுத்தி வைத்து என்ன பயன்.

அந்தப் பணத்தில் இரண்டாவது கார்டை மூடினேன். ஆமாம், இரண்டாவது ஒன்று இருந்தது. நவம்பரில் முதல் கார்டின் மினிமம் ட்யூவைக் கட்ட இதிலிருந்து ஏடிஎம்மில் பணம் எடுத்தேன். கார்டில் பணமாக எடுத்தால் எடுத்த நிமிடத்திலிருந்தே வட்டி. தெரிந்தேதான் எடுத்தேன். அப்போது வாக்கரோடு ஏடிஎம் வாசலில் நின்றிருந்தேன். யாரையாவது கேட்பதைவிட மிஷினைக் கேட்பது சுலபமாக இருந்தது.

ஜனவரி 30, வெள்ளி

பர்சனல் லோன் வாங்கிக் கார்டை அடைத்தால் வட்டி பாதிக்கும் கீழே வரும். விண்ணப்பித்தேன். நான்கு வினாடியில் நிராகரிப்பு. பாக்கி விழுந்ததில் கிரெடிட் ஸ்கோர் 612. கடன் தேவைப்படாதவனுக்குத்தான் கடன் கொடுப்பார்கள் போல.

பி.எஃப்.பில் மருத்துவத்துக்கு முன்பணம் எடுக்கலாம். யாரும் சொல்லவில்லை, விதிகளைப் படித்துக் கண்டுபிடித்தேன். விண்ணப்பித்தாகிவிட்டது. தொண்ணூறாயிரம் வரலாம்.

பிப்ரவரி 3, செவ்வாய்

தினமும் 11:10க்கு வரும் சுகிர்தாவின் கால் இன்று வரவில்லை. 11:40க்கும் இல்லை. நெட்வொர்க் சரியாக இருக்கிறதா என்று வாடிக்கையாளர் சேவைக்கு அடித்துப் பார்த்தேன். சரியாக இருந்தது.

பிப்ரவரி 4, புதன்

"நேத்து லீவு சார். தங்கச்சிக்கு வளைகாப்பு."

"நான் கேக்கலையே."

"இல்ல சார், சும்மா சொன்னேன். இன்னைக்குக் கை எப்படி இருக்கு?"

கையைப் பற்றி நான் எப்போது சொன்னேன் என்று நினைவில்லை. நேற்றைவிடப் பரவாயில்லை என்று சொல்லி வைத்தேன். இன்று முழுவதும் வாயைத் திறந்து பேசியது அவ்வளவுதான். டாக்குமென்டேஷனில் பேச்சுக்கு வேலையில்லை.

பிப்ரவரி 11, புதன்

நேற்று பொய்த் தேதி கடந்துவிட்டது. இன்று 11:10க்கு ரிவ்யூ மீட்டிங், போன் சைலன்ட். வெளியே வந்து மேஜை டிராயரைத் திறக்கும்போது உள்ளே பட்டன் போன் அடித்துக்கொண்டிருந்தது. அது என் இரண்டாவது சிம். எடுத்தேன்.

"வணக்கம், தவசீலன்ங்கறவர் உங்க நம்பரை மாற்றுத் தொடர்புன்னு குடுத்திருக்கார். அவர கொஞ்சம் பேசச் சொல்ல முடியுங்களா?"

"சொல்லுங்க, நான்தான்."

"சார்? நீங்களா? இது உங்க ஃப்ரெண்டு நம்பர் இல்லையா?"

"ரெண்டும் என் நம்பர்தான், இது டிராயர்லயே இருக்கும். ஒரு லைன் போனா இன்னொண்ணு இருக்கணும்ல."

வழக்கமாக உடனே ஏதாவது சொல்வார். இன்று "சரிங்க சார்" என்று மட்டும் சொன்னார். பிறகு, "சிஸ்டத்துல நான் இத நோட் பண்ணல சார்" என்றார்.

எனக்கு எரிச்சலாக இருந்தது. விதிப்படி ஒரு எண் கேட்டார்கள், கொடுத்தேன். யாருடைய எண் என்று கேட்கவில்லையே.

பிப்ரவரி 18, புதன்

கேன்டீனில் பசுபதி எதிரில் வந்து உட்கார்ந்தான். பேனல் ஒயரிங் பார்ப்பவன், தர்மபுரிக்காரன், என் வயதுதான். ஆனாலும் 'சார்' விடமாட்டான்.

"சார், ஒண்ணு கேக்கட்டுங்களா? நீங்க விழுந்த அன்னைக்கு ஹெச்.ஆர். மேடம் உங்க எமர்ஜென்சி நம்பருக்கு அடிச்சாங்க. லாக்கர் ரூம்ல மணி அடிக்குது. நான் போயி காது வெச்சுப் பாக்கறேன், உங்க லாக்கருக்குள்ள அடிக்குது சார். அவங்க திரும்பத் திரும்ப அடிக்கறாங்க. எடுக்க மாட்டேங்கறாங்கன்னு என்கிட்டயே சொல்றாங்க. நான் எப்படிச் சொல்றது?"

"சொல்ல வேண்டியதுதானே."

"சொன்னேன் சார். அவங்க அழுதுட்டாங்க."

நான் சாம்பாரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அப்புறம் ஆம்புலன்ஸ்ல யார் வந்தா?"

"நான்தான். கையெழுத்து யாராச்சும் போடணும்னாங்க. சொந்தமான்னு கேட்டாங்க. ஒரே பேனல்ல வேலை பாக்கறோம்னேன்."

இதை ஐந்து மாதம் கழித்துச் சொல்கிறான். நானும் கேட்கவில்லை.

அறைக்கு வந்து யோசித்தேன். பேக்கப் லைன் என்று பெயர் வைத்து இரண்டு ஒயரையும் ஒரே டக்ட் குழாயில் இழுத்திருக்கிறேன். தீப்பிடித்தால் இரண்டும் சேர்ந்து போகும். டிரெய்னி எவனாவது இப்படி வரைந்து கொண்டுவந்திருந்தால் டிராயிங்கைக் கிழித்து முகத்தில் எறிந்திருப்பேன்.

பிப்ரவரி 22, ஞாயிறு

இதை எழுதாமல் விட்டிருந்தேன்.

அம்மா சின்ன வயதிலேயே போய்விட்டாள். அப்பா போய் நான்கு வருடமாகிறது. பதினாறாம் நாள் விசேஷத்துக்கு எங்கள் ஊர் உடன்குடியில் எல்லாரும் கூடியிருந்தபோது, அத்தான் மொபைல் கடை வைக்கப்போவதாகவும் நானும் பணம் போட வேண்டும் என்றும் கேட்டார். லேப்டாப்பைத் திறந்து, சொந்தக்காரர்கள் எல்லாரும் பார்க்க, வாடகை, கரண்ட், ஒரு நாள் விற்பனை என்று போட்டுக் காட்டி, பதினெட்டு மாதத்தில் கடையை மூடுவீர்கள் என்றேன். பதினான்கு மாதத்தில் மூடினார். அன்று அக்காவுக்கு ஒரு மெசேஜ் அனுப்பினேன்: 'நான் அப்பவே சொன்னேன்.'

அதற்குப் பதில் வரவில்லை. மறுநாள் காலை ஆறு மணிக்கு ஒரு ரோஜாப் படம் வந்தது. அதற்கு மறுநாள் இன்னொன்று. பிறகு தினமும். நான் ஒன்றுக்கும் பதில் போட்டதில்லை. சிவப்பு எண் உறுத்தும் என்பதால் திறந்து மூடுவேன். அவ்வளவுதான்.

செப்டம்பர் 24 முதல் ஒரு மாதம் போன் அணைந்து கிடந்தது. ஆன் செய்தபோது அக்காவிடமிருந்து இருபத்து மூன்று. மேலே தெரிந்த கடைசி ஒன்று படம் அல்ல. அதை அப்போதே வாசித்துவிட்டேன். 'தம்பி, என் நம்பர பிளாக் பண்ணிட்டியா. சரி. நல்லா இரு.'

இருபத்திரண்டு நாள், போய்ச் சேரவில்லை என்கிற ஒற்றை டிக்கைப் பார்த்திருக்கிறாள். அதுவரை அவளுக்கு என்னிடமிருந்து வந்துகொண்டிருந்தது, பார்த்துவிட்டேன் என்கிற அந்த நீல டிக் ஒன்றுதான் போலிருக்கிறது.

அந்த உரையாடலை இன்னும் திறக்கவில்லை. திறந்தால் நீலம் விழும். என்ன சொல்வது என்று தெரியாமல் நீலம் விழ வைப்பது சரியல்ல.

மார்ச் 5, வியாழன்

பி.எஃப். வந்தது. சரியாகத் தொண்ணூறு.

சுகிர்தா இரண்டு வழிகள் சொன்னார்.

"ஒண்ணு செட்டில்மென்ட் சார். ஒரே தடவையா ஒரு லட்சத்துத் தொண்ணூறாயிரம். முடிஞ்சுது. ஆனா உங்க ரிப்போர்ட்ல 'செட்டில்டு'ன்னு விழும். பல வருஷம் நிக்கும், வீட்டு லோன் கீட்டு லோன் எல்லாம் மறந்துடணும். இன்னொண்ணு, தொண்ணூற இப்ப கட்டிட்டு மீதிய தவணையா மாத்தறது. டிஸ்சார்ஜ் சம்மரி குடுத்தா லேட் ஃபீ, இந்த ரெண்டு மாச வட்டி தள்ளுபடிக்கு நான் எழுதறேன். மூணு லட்சம், நாலு வருஷம், பதினஞ்சு பர்சென்ட்."

"மாசம் 8,349."

"இருங்க சார்... ஆமா. எப்படி சார்?"

"ரெண்டாவதுதான் சரி. அனுப்புங்க."

"ஃபார்ம்ல ஒரு மாற்றுத் தொடர்பு வேணும் சார். குடும்பம், ஃப்ரெண்டு யாராச்சும். அவங்க கட்ட வேண்டியதில்ல, கையெழுத்தும் இல்ல. ஆனா இந்தத் தடவை கூப்பிட்டு சரிபார்ப்பாங்க. டிராயர்ல இருக்கற நம்பர் வேண்டாம் சார்."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

"31 வரைக்கும்தான் சார் உங்க கேஸ் என்கிட்ட இருக்கும். தொண்ணூறு நாள் ஆயிட்டா வேற டீம். அவங்க நேர்ல வருவாங்க. கம்பெனிக்கும் வருவாங்க."

மார்ச் 10, செவ்வாய்

செட்டில்மென்டுக்குப் பெயர் எதுவும் வேண்டாம். இன்னும் ஒரு லட்சம் இருந்தால் போதும். ஒரு லோன் ஆப் இறக்கினேன். பத்து நிமிடத்தில் பணம் என்றது. முதல் திரையிலேயே என் போனில் இருக்கும் எல்லாத் தொடர்புகளையும் பார்க்க அனுமதி கேட்டது. 214 பேர். எதற்குக் கேட்கிறது என்று தெரியும். கட்டாவிட்டால் 214 பேருக்கும் அடிக்கும்.

ஒவ்வொன்றாகப் பார்த்தேன். சென்சார் டீலர், கேபிள் டீலர், கேஸ் ஏஜென்சி, 'பிளம்பர் புதுசு', 'பிளம்பர் பழசு'. நான் செத்துப்போனேன் என்று மெசேஜ் போனால் பதில் போடக்கூடியவர்கள் எத்தனை என்று எண்ணினேன். விடையை இங்கே எழுதப்போவதில்லை.

ஆப்பை நீக்கிவிட்டேன்.

மார்ச் 13, வெள்ளி

பசுபதி பெயரைக் கொடுக்கலாமா என்று அவனிடமே கேட்டேன்.

"தாராளமா குடுங்க சார். ஆனா நான் ஏப்ரல்ல சவுதி போறேன், தெரியும்ல? ரெண்டு வருஷம் காண்ட்ராக்ட்."

தெரியாது. கேன்டீனில் எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது.

"சார், உங்களுக்கு யாருமே இல்லையா?" என்றான். கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்டான்.

"இருக்காங்க. லைன்தான் கட்."

"கட்டான லைன்னா டெஸ்ட்டர வெச்சுப் பாக்காம எப்படி சார் சொல்றீங்க? எங்கள மட்டும் அப்படி விடுவீங்களா?"

மார்ச் 19, வியாழன்

ஒன்றுமில்லை. பட்டன் ஒரு நிமிடம் ஐம்பது வினாடி.

மார்ச் 25, புதன்

"சார், இன்னும் ஆறு நாள்."

"தெரியும்."

"பேரு?"

"செல்வக்கனி. அக்கா." எண்ணைப் பார்க்காமலே சொன்னேன். சொன்ன பிறகுதான் அது மனப்பாடமாக இருப்பதே தெரிந்தது.

"வெள்ளிக்கிழமை மத்தியானம் சரிபார்க்கக் கூப்பிடுவோம் சார். அவங்களுக்கு விஷயம் தெரியும் இல்ல?"

"தெரியும்" என்றேன்.

"சார், பொய்னு எனக்குத் தெரியாம சொல்லுங்கன்னு சொல்லியிருக்கேன்ல."

மார்ச் 27, வெள்ளி

ஐந்தரைக்கே எழுந்துவிட்டேன். நிறைய எழுதி அழித்தேன். 'நலமா' என்று எழுதினால் இத்தனை வருடம் கழித்து என்ன நலமா. 'மன்னிப்பு' என்று எழுதினால் எதற்கு என்று பட்டியல் போட வேண்டும்.

ஆறு மணிக்கு உரையாடலைத் திறந்தேன். இருபத்து மூன்றும் ஒன்றாக நீலமாகியிருக்கும். அதில் ஒரு செம்பருத்திப் படத்தை எடுத்து அவளுக்கே அனுப்பினேன்.

ஒற்றை டிக். இரட்டை டிக். நீலம். போன் அடித்தது.

"ஏலே."

"அக்கா."

"இது நான் போன புரட்டாசில அனுப்புன படம்லா? எனக்கே திருப்பி அனுப்புத?"

"வேற படம் எங்கிட்ட இல்ல."

அந்தப் பக்கம் குக்கர் விசில். அவள் ஸ்டவ்வை அணைப்பது கேட்டது.

நான் சொல்ல வேண்டியதை வரிசையாகச் சொன்னேன். "அக்கா, எனக்கு செப்டம்பர்ல நரம்பு நோய் வந்துச்சு. கை கால் விழுந்துச்சு. இப்ப சரியாயிட்டு வருது. கார்டு கடன் இருக்கு, தவணைக்கு மாத்தப் போறேன். எனக்குப் பணம் வேண்டாம். ஒரு நம்பர் வேணும், ஒன் நம்பரக் குடுத்திருக்கேன். மத்தியானம் ஒரு பொண்ணு கூப்பிடும்."

"எத்தன நாளு ஆசுத்திரில கெடந்த?"

"முப்பத்தொரு நாள்."

"தொணைக்கு யாரு இருந்தா?"

போனை மறு காதுக்கு மாற்றினேன்.

"ஏலே, கேக்கேம்லா. யாரு இருந்தா?"

"நர்ஸ் இருந்தாங்க."

மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும். எனக்கு இந்த மாதிரி நேரத்தில் என்ன செய்வது என்று தெரியாது. வைக்கவா என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை.

"நீ என்னய பிளாக் பண்ணிட்டன்னு நெனச்சேம்ல. அவ்வளவு வெறுத்துட்டான் போலன்னு ஒங்க அத்தான்கிட்ட சொல்லி அழுதேன். நீ அங்க மூச்சு வாங்கிட்டுக் கெடந்திருக்க, நான் இங்க கோவப்பட்டுட்டு இருந்திருக்கேன்."

"அத்தான் என்ன சொன்னாங்க?"

"கணக்குத் தெரிஞ்சவன், மனசு தெரியாதவன், விடு பிள்ளன்னாரு."

தரவு சரி. மறுக்க ஒன்றுமில்லை.

மார்ச் 30, திங்கள்

"சார், வெரிஃபிகேஷன் முடிஞ்சுது. நாங்க வழக்கமா மூணு கேள்வி கேப்போம். உங்க அக்கா என்கிட்ட பதினோரு கேள்வி கேட்டாங்க."

"என்ன கேள்வி?"

"அவன் குரல் எப்படி இருக்கு, சாப்பிட்டேன்னு சொல்றானா, தனியாவா இருக்கான், நீ பாத்திருக்கியா அவன... சார், நான் கலெக்‌ஷன்ல இருக்கேன்னு சொன்னா, அதனால என்னம்மா, தெனமும் பேசுனது நீதானன்னாங்க."

தொண்ணூறாயிரம் கட்டியாகிவிட்டது. தவணை மாற்றம் ஒப்புதல். முதல் தவணை மே 5. நாற்பத்தெட்டு மாதம். முடியும்போது எனக்கு முப்பத்திரண்டு. மாதச் செலவில் பிசியோவையும் சேர்த்துப் போட்டுப் பார்த்தேன், தாங்கும். சம்பளம் வரும் வரை, அடுத்த பத்து நாளுக்கு மட்டும் மதியச் சாப்பாடு கேன்டீன் கூப்பனில்.

"அப்ப சரி சார். இனிமே என் லிஸ்ட்ல நீங்க வரமாட்டீங்க. கூப்பிடமாட்டேன். கையப் பாத்துக்கோங்க."

நன்றி சொல்ல நினைத்தேன். "அந்த லேட் ஃபீ ஜிஎஸ்டி ரிவர்ஸ் ஆயிடுச்சான்னு பாத்துச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டேன்.

சிரித்தார். ரெக்கார்ட் ஆகியிருக்கும்.

ஏப்ரல் 2, வியாழன்

11:10. போன் அடிக்கவில்லை. சரியாகத்தான் இருக்கிறது, எல்லாம் விதிப்படி. 11:25 வரை போனை மேஜையில் கவிழ்க்காமலே வைத்திருந்தேன்.

மதியம் ஹெச்.ஆர். ஆபீஸுக்குப் போனேன். எமர்ஜென்சி தொடர்பை மாற்ற வேண்டும் என்றேன். மேடம் படிவத்தைக் கொடுத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பெயர், எண், உறவு. கையெழுத்து ஒன்றாம் வகுப்புப் பையனுடையது மாதிரி இருக்கிறது. ஆனால் வாசிக்க முடிகிறது. பட்டன் போன் சிம்மை எடுத்துக் குப்பையில் போட்டேன்.

ஏப்ரல் 3, வெள்ளி

பிசியோதெரபிஸ்ட் இனி எழுத வேண்டாம், ஸ்க்ரூ டிரைவர் பிடியுங்கள் என்றுவிட்டார். ஆகவே இது கடைசி.

காலை 6:00. அக்காவிடமிருந்து சூரியகாந்தி.

6:04. பதில் அனுப்பினேன்: 'எழுந்துவிட்டேன். தோசை இரண்டு. பட்டன் நாற்பது வினாடி.'

6:05. 'என்ன பட்டன்லே?'

தட்டச்சு செய்யத் தொடங்கினேன். செப்டம்பரிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது. அழித்துவிட்டுக் கூப்பிட்டேன்.